கேளாத செவியும் கேட்கும் திருச்சபையும்

1714-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பாஸ்டன் நகரத்து நீதிபதி சாமுவேல் சூவல் என்பார் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பாலுள்ள மார்த்தாஸ் வின்யார்ட் என்னும் தீவுக்குச் சென்றார். 1692-இல் சேலம் ஊரில் சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர் அவர். ஐந்தாண்டுகளுக்குப்பின், தம் பிழையை அறிக்கையிட்டு எழுதிய தாளை ஆயர் வாசிக்க, சபை நடுவே எழுந்து நின்றவரும் அவரே. தீவில் அவரோடிருந்த கூட்டத்தில் ஆங்கிலேயர் ஒருவர் ஒரு சொல்லும் பேசாதிருந்தார். அதை அவமதிப்பெனக் கருதி நீதிபதி மனம் புண்படவிருந்த வேளையில், அம்மனிதர் காது கேளாதவர், வாய் பேசாதவர் என்பது தெரியவந்தது. இதனை அவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த மனிதரின் பெயர் ஜானதன் லாம்பர்ட். தச்சுத் தொழிலும் பயிர்த்தொழிலும் செய்து பிழைத்தவர்.

பிறருடைய மௌனத்தைக் கண்டவுடன் அதனைக் குற்றமாக வாசித்துவிடும் பழக்கம் அந்நீதிபதி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆயினும், அவர் புண்படவிருந்த அதே தீவில், அடுத்த இரு நூற்றாண்டுகளில் அந்த மௌனத்தை வாசிக்கக் கற்றுக்கொண்ட ஒரு சமுதாயம் உருவாயிற்று. அதன் வரலாற்றைக் கூறும் நூலொன்றை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். திருச்சபையின் அருளுரைக்கும் ஆயர்ப்பணிக்கும் அந்நூல் விடுக்கும் வினா சிறிதன்று என்பதே நாம் இதனை எழுதப் புகுந்ததன் காரணம்.

நூலும் அதன் பொருளும்

மருத்துவ மானிடவியலாளராகிய நோரா எல்லன் குரோஸ் எழுதி, 1985-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட இந்நூலின் தலைப்பு, இங்குள்ள அனைவரும் சைகைமொழி பேசினர் எனப் பொருள்படும். 1970-களின் இறுதியில் ஆசிரியர் அத்தீவின் முதியோரைச் சந்தித்து, அவர்தம் நினைவுகளைக் கேட்டறிந்தார். ஊர்ப் பதிவேடுகளையும் குடும்ப வழிமுறைகளையும் அவற்றோடு ஒப்பிட்டார். மூன்று நூற்றாண்டுகளில் அத்தீவுக் குடும்பங்களில் பிறந்த காது கேளாதோர் 72 பேரையேனும் அவர் அடையாளங் கண்டார்.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 5,728 பேருக்கு ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவராயிருக்க, இத்தீவில் 155 பேருக்கு ஒருவர் அவ்வாறு பிறந்தனர். தீவின் மேற்பகுதியில் ஆடு வளர்த்தும் பயிரிட்டும் மீன் பிடித்தும் வாழ்ந்த சில்மார்க் என்னும் சிற்றூரிலோ, 25 பேருக்கு ஒருவர் கேளாதவர். இதன் காரணம் ஆயர்களாகிய நமக்குச் சுவை பயப்பதாகும். ஆசிரியர் இத்தன்மையின் வேரை இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துக் காட்டுப்பகுதியாகிய வீல்டு நாட்டில் காண்கிறார். ஜான் லாத்ராப் என்னும் ஆயர் மனச்சான்றின் பொருட்டுச் சிறைப்பட்டு, விடுதலை பெற்று, 1634-இல் அமெரிக்காவின் சிட்டுவேட் என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தார். அவரோடும் அவரைச் சூழ்ந்தும் குடியேறியோருள் வீல்டு நாட்டினர் பலர். பின்னர் அக்குடும்பங்களிற் சில வின்யார்டில் குடியேறின. தாயும் தந்தையும் ஒருசேர வழங்கினாலன்றி வெளிப்படாத மரபுக்கூறு இது. ஆகவே, நன்கு கேட்கும் பெற்றோருக்குக் கேளாத பிள்ளையும், கேளாதவருக்குக் கேட்கும் பிள்ளைகளும் பிறந்தனர். லாம்பர்ட்டின் ஏழு மக்களுள் இருவர் கேளாதோர். எந்தக் குடும்பமும் இதனைத் தனக்கு நேர்ந்த சாபமென்றோ, அடுத்த வீட்டாரின் பாவமென்றோ சுட்டிக்காட்ட இயலாதிருந்தது. விசுவாசத்தின் பொருட்டுக் கடல் கடந்த சபையார் தம் வேதாகமத்தோடு இதனையும் அறியாமலே சுமந்து வந்தனர்.

சில்மார்க் ஊரில் ஒரு மனிதனின் வாழ்வு

இச்சிற்றூரில் பிறந்த கேளாத ஆண்மகன் ஒருவனின் வாழ்நாளை இந்நூலிலிருந்து நாம் தொகுத்துக் காணலாம். அவனுடைய தாய் அவன் பிறக்குமுன்பே சைகைமொழி அறிந்தவள். தன் சிறுவயதில் அண்டை வீட்டாரிடமிருந்து அதைக் கற்றிருந்தாள். ஆகவே அவன் மொழியின்றி ஒரு நாளும் வளரவில்லை. வயது வந்தபோது அவனுக்கு ஆடுகளும் நிலமும் படகும் உண்டு. கடலில் ஒரு படகிலிருந்து மற்றொரு படகிற்கும், வயலின் இக்கரையிலிருந்து அக்கரைக்கும், குரல் எட்டாத தொலைவில் சைகை எட்டியது. சிலர் தொலைநோக்கிக் குழாய் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டாரோடு உரையாடினர். மாலையில் கடையில் ஆண்கள் கூடிக் கதை பேசும்போது, அவன் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடவில்லை; கைக்கு மாறியது. கேளாதவர் எவரும் அருகில் இல்லாதபோதுங்கூடக் கேட்போர் தம்முள் சைகையாற் பேசிக்கொண்டனர்.

அவன் மணம் புரிந்தான். கேளாத தீவினருள் நூற்றுக்கு 80 பேர் மணம் புரிந்தோர். கேளாத அமெரிக்கர் பெரும்பாலும் கேளாதவரையே மணந்த காலத்தில், இத்தீவில் அவ்வாறு மணந்தவர் நூற்றுக்கு 35 பேரே. அமெரிக்காவில் கேளாதோருக்கான முதல் நிலையான பள்ளி 1817-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் நிறுவப்பட்டது. நிறுவியோருள் ஒருவர் ஆண்டோவர் இறையியற் கல்லூரியில் பயின்ற தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட். அவரோடு உழைத்தவர் காது கேளாத பிரெஞ்சு ஆசிரியர் லோரான் கிளேர். தீவின் கேளாத பிள்ளைகள் அப்பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். அதன் விளைவாக, கேட்கும் அயலாரிற் சிலரைக் காட்டிலும் இவர்களே கல்வியில் மிக்கோராயினர். செய்தித்தாளையும் பத்திரங்களையும் கொண்டுவந்து பொருள் விளக்கக் கேட்ட அயலாரும் உண்டு.

ஆயர்கள் ஆழ்ந்து நோக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. ஜெபக் கூட்டங்களில் சாட்சி கூறும் வேளை வரும்போது, கேளாதவர் எழுந்து முன்னே சென்று, சபையாரை நோக்கித் தம் கைகளால் சாட்சி கூறினர் என்று முதியவர் ஒருவர் நினைவுகூருகிறார். அதனை எவரும் மொழிபெயர்க்கவில்லை. வந்திருந்த அனைவருக்கும் அது விளங்கிற்று. எவருக்கேனும் ஓரிடம் விளங்காமற் போனால், பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுப்பார். இப்பகுதியை வாசிக்கையில் நாம் சற்று நின்றுவிட்டோம். உதவி பெற்றவர் இங்கே யார்? கேளாதவர் அல்லர், அவரைப் புரிந்துகொள்ளத் தவறிய கேட்பவரே. நம் சபைகளில் கேளாதவருக்கு ஏதேனும் செய்ய வேண்டுமென நாம் எண்ணும்போதெல்லாம், அவரைப் பெறுபவராகவே எண்ணுகிறோம். அவரிடத்தில் சபைக்கு உரைப்பதற்கு ஒரு சாட்சி இருக்கக்கூடும் என்ற எண்ணம் நமக்கு எழுவதில்லை.

நூலின் குறைகளும் எல்லைகளும்

இந்நூலின் புகழுக்கு அடிப்படையான நிகழ்ச்சி ஒன்றுண்டு. கேளாத மீனவர் இருவரைப் பற்றி ஒரு மூதாட்டியிடம் ஆசிரியர் வினவுகிறார். அவர்கள் மிகச் சிறந்த மீனவர்கள் என்று அம்மூதாட்டி முதலிற் கூறுகிறார். அவர்கள் கேளாதவர்கள் அல்லரோ என்று ஆசிரியர் நினைவூட்டிய பின்னரே, ஆம், அதுவும் உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறார். தொழிலும் பெயரும் முன்னே வர, குறை பின்னே வந்ததை வாசகர் அனைவரும் போற்றுகின்றனர். நாமும் போற்றுகிறோம். எனினும், இந்த மறதியை அன்பின் நிறைவென்று உடனே கொள்ளலாமா என்பதில் நமக்கு ஐயமுண்டு.

முதலாவதாக, இது கேட்போரின் நினைவு. மரபுவழியிற் கேளாதோரில் கடைசியானவர் 1952-இல் மறைந்தார். ஆசிரியர் தீவுக்கு வந்தபோது வினவுவதற்கு அவர்களுள் எவரும் உயிரோடில்லை. தங்களை ஒருவரும் வேறுபடுத்தவில்லை என்று கேட்போர் கூறுவதற்கும், நாங்கள் வேறுபடுத்தப்படவில்லை என்று கேளாதோர் கூறுவதற்கும் இடையே தொலைவு உண்டு. ஆண்டை நல்லவர் என்பதற்கு ஆண்டையே சாட்சியாவதில்லை. ஆசிரியர் இவ்வெல்லையை உணர்ந்தே எழுதுகிறார். ஆயினும் நூலின் இனிமை வாசகரை அதனை மறக்கச் செய்கிறது.

இரண்டாவதாக, மறதி வேறொரு பக்கமும் உடையது. கேளாதோர் மறைந்தவுடன் அம்மொழியும் மறைந்தது. கேட்கும் முதியோர் சிலரின் கைகளில் அது சில சைகைகளாக எஞ்சிற்று. அதனைத் தம் மக்களுக்குக் கொடுக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. இயல்பாக வந்த ஒன்று இயல்பாகவே போயிற்று. கட்டளையாகப் பெறாத அன்பு, தேவை தீர்ந்தபின் கைவிடப்படுவது எளிது.

மூன்றாவதாக, ஒரே மொழி பேசுவதனால் மட்டும் நீதி பிறந்துவிடுவதில்லை. இத்தகைய பல ஊர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தாமே காது கேளாதவராகிய அன்னலீஸ் குஸ்டர்ஸ் 2010-இல் ஒப்புநோக்கி, அவற்றைப் பொன்னுலகமாகக் கருதுதல் தகாது என எச்சரித்தார். கானா நாட்டில் ஆடமரோபே என்னும் உழவர் சிற்றூரில் கேளாதோர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். கேட்போர் பலரும் அவர்தம் சைகைமொழியை அறிவர். ஆயினும் 1975-இல், கேளாதவர் கேளாதவரை மணத்தலாகாது என்று அவ்வூர்த் தலைவர் விதித்தார். வின்யார்ட் தீவையும் இத்தகைய எண்ணம் தொடாமலில்லை. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880-களில் அங்கு வந்து குடும்ப வரலாறுகளை ஆராய்ந்தார். அவர்தம் தாயும் மனைவியும் கேளாதோர். எனினும் 1883-இல் அறிஞர் அவைமுன் அவர் வாசித்த கட்டுரையில், கேளாதோர் தம்முள் மணந்துகொள்வதால் மனித இனத்தில் கேளாத வகையொன்று உருவாகுமென்று அச்சம் தெரிவித்தார். ஓர் ஊரார் உறவினராகக் கண்டோரை அறிவியலாளர் ஒருவர் ஆபத்தாகக் கண்டார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1880-இல், மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகைமொழியை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்குமாறு தீர்மானித்தது. அத்தீர்மானத்தை அதே மாநாட்டின் வழிவந்தோர் மறுத்து வருத்தம் தெரிவிக்க 2010 வரை 130 ஆண்டுகள் ஆயின.

நான்காவதாகவும் முதன்மையாகவும் நாம் கூறவிரும்புவது இது: சில்மார்க் ஊரார் சைகைமொழி கற்றதன் காரணம் அவர்தம் நற்குணம் மட்டுமன்று, எண்ணிக்கையும் உறவுமாம். 25 பேருக்கு ஒருவர் கேளாதவர் எனின், ஒவ்வொரு வீட்டிற்கும் அவர் மைத்துனர் அல்லது பெரியப்பா. ஆசிரியரின் சான்றுகளே இதனைக் காட்டுகின்றன. அவ்வாறாயின், ஆயிரம் பேருக்கு நடுவே தனியனாய் வாழும் கேளாதவனுக்கு இந்நூல் அளிக்கும் நம்பிக்கை யாது? இவ்வினாவிற்கு மானிடவியல் விடையளிக்க வேண்டுவதில்லை. இறையியல் விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளது.

திருமறையின் வெளிச்சத்தில்

விசுவாசம் கேள்வியினால் வரும் என்னும் பவுலின் கூற்று (உரோமர் 10:17), கேளாதோரை விசுவாசத்தின் வாயிலுக்குப் புறம்பே நிறுத்தும் பூட்டாகப் பலமுறை பயன்பட்டதுண்டு. ஆனால் அடுத்த வசனத்தைப் பார்ப்போம். அவர்கள் கேள்விப்படவில்லையோ என்று வினவும் பவுல், விடையாக 19-ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனத்தை எடுத்தாளுகிறார். அச்சங்கீதமோ, வானங்களுக்குப் பேச்சுமில்லை, ஒலியுமில்லை, ஆயினும் அவற்றின் அறிவிப்பு பூமியெங்கும் சென்றது என்று பாடுவது. கேட்டல் என்பதற்குப் பவுல் காட்டும் சான்றே ஓசையற்றதோர் அறிவிப்பாகும். எனவே, கேள்வி என்பது செவிப்பறையின் தொழில் அன்று. அறிவிக்கப்பட்ட செய்தி ஒருவரை வந்து சேர்தலே அது.

தெக்கப்போலி நாட்டில் ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்ட மனிதனின் வரலாறு (மாற்கு 7:31–37) இதனை மேலும் தெளிவாக்குகிறது. எப்பத்தா என்னும் சொல்லை நாம் உரத்துப் பிரசங்கிக்கிறோம். அச்சொல்லுக்கு முன் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்த்ததுண்டா? அவர் அவனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார். அவன் காதுகளில் விரல்களை வைக்கிறார். உமிழ்ந்து அவன் நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார். இவையனைத்தும் கேளாதவன் கண்டும் தொட்டும் உணரக்கூடியவை. எங்கே குறை, யாரிடமிருந்து உதவி, எத்தகைய மனத்தோடு என்னும் மூன்றையும் ஒலியின்றி அவனுக்கு அவர் அறிவித்துவிட்டார். குணமாக்குமுன்பே அவனோடு பேசிவிட்டார். அதுவும் அவனுடைய மொழியில்.

நம் அருளுரைகளோ குணமானதிலிருந்தே தொடங்குகின்றன. அதனால் குணமாகாதவர் நம் முன்னே அமர்ந்திருக்கையில், நற்செய்தி அவரைக் கடந்து போய்விடுகிறது. ஆண்டவருடைய வல்லமையை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் நமக்குக் கொடுக்கப்படாத வரத்தைப் பற்றி அதிகம் பேசி, நம் கையெட்டும் தொலைவில் உள்ள கடமையை விட்டுவிடுகிறோம் என்கிறோம். செவியைத் திறப்பது அவர் கையில் உள்ளது. தனியே அழைத்துச் சென்று, அவன் அறியும் வகையில் பேசுவது நம் கையில் உள்ளது. செவிடரை நிந்தியாதே என்னும் கட்டளை (லேவியராகமம் 19:14), தேவனுக்குப் பயப்படு என்று முடிவது பொருள் பொதிந்தது. கேளாதவன் தன் மீதான நிந்தையைக் கேளான். கேட்பவர் ஒருவர் உண்டு.

நூறு ஆடுகளில் ஒன்று என்பது நற்செய்தியின் கணக்கு. சில்மார்க் ஊரில் 25-க்கு ஒருவர் இருந்தமையால் அனைவரும் கற்றனர். நூற்றுக்கு ஒருவராயினும், ஆயிரத்துக்கு ஒருவராயினும், அந்த ஒருவருக்காகவே கற்கும் சமுதாயம் ஒன்று உண்டெனில், அது திருச்சபையாகவே இருத்தல் வேண்டும். எண்ணிக்கையால் நேர்ந்ததை அருளினாற் செய்தல் அதற்குரிய அழைப்பு.

நமக்குரிய வினா

கிராமச் சபைகளில் பணிபுரிந்த ஆயர் எவரும் இம்மனிதரை அறிவர். அவர் உழவர், ஆலயத்தில் ஒரு தூணருகே அமர்வார். பிறர் எழும்போது எழுவார், அமரும்போது அமர்வார். அறுப்பின் பண்டிகையில் தம் தலையில் நெற்கட்டைச் சுமந்து வந்து படைப்பார். திருவிருந்தில் கையேந்துவார். அவர் பெயரைச் சபையார் பலர் மறந்திருப்பர். ஊரில் அவருக்கு வழங்கும் பெயர் அவருடைய குறையே. செவிடன் காதில் ஊதிய சங்கு என்னும் பழமொழியைப் பிரசங்க பீடத்திலிருந்து நாம் எடுத்துரைக்கும்போது, அவரும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பயனில்லாமை என்பதற்கு நாம் காட்டும் உவமை அவர். ஊதினவன் சங்கைத் தவிர வேறொன்றையும் எடுக்கத் துணியாதது ஏன் என்று அப்பழமொழி கேட்பதில்லை. நாமாவது கேட்க வேண்டும்.

இத்துறையில் நம் திருச்சபைகள் ஒன்றும் செய்யவில்லை எனல் நன்றிகேடாகும். பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய கேளாதோர் பள்ளி நம் நினைவில் நிற்கத்தக்கது. ஆயினும் வின்யார்ட் வரலாறு நமக்குக் காட்டுவது, பள்ளி மட்டும் போதாது என்பதே. பள்ளி பிள்ளைக்கு மொழியைத் தருகிறது. அப்பிள்ளை திரும்பிச் செல்லும் ஊருக்கு அதனைத் தருவதில்லை. ஹார்ட்ஃபோர்டிலிருந்து மீண்ட சில்மார்க் இளைஞனுக்கு உரையாட ஓர் ஊரே காத்திருந்தது. பள்ளி முடித்துத் தன் தந்தையின் வயலுக்குத் திரும்பும் நம் இளைஞனுக்கு, தன் கைகளால் பேசினால் விளங்கிக்கொள்வார் பெரும்பாலும் இல்லை.

இறையியல் மாணவர் எபிரேயமும் கிரேக்கமும் பயில்கின்றனர்; அது நன்று. இறைவாக்கு அம்மொழிகளில் நமக்கு வந்தமையால் அவற்றைக் கற்கும் கடன் நமக்குண்டு. அவ்வாக்கு எம்மொழியில் சென்று சேர வேண்டுமோ அதனைக் கற்கும் கடனும் அதற்குக் குறைந்ததன்று. ஒரு சபையில் ஆயரும், ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவரும், அவருடைய அண்டை வீட்டார் இருவரும் கற்றாற்கூட, தூணருகே அமரும் அந்த மனிதர் நாளை எழுந்து முன்னே வரக்கூடும்.

அவர் முன்னே வந்து கைகளை உயர்த்தும் நாளில், நாம் நீதிபதி சூவலைப்போல் அவருடைய மௌனத்தைக் கண்டு இடறலடையப் போகிறோமா, அல்லது விளங்காத இடத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறோமா? குரோஸ் அவர்களின் நூல் இவ்வினாவை எழுப்புவதற்காகவே வாசிக்கத்தக்கது. விடை அந்நூலில் இல்லை. அது நம் சபைகளில் எழுதப்பட வேண்டியது.